யார் அறிவியல் விரோதி? ஒரு குடம் தண்ணீரை வைத்து ஒரு விளக்கம்

2016இல் ஒரு கிராம சபை. தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன் என்பதால், குடிநீரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது, குடித்தால் பல் காவியாகும், வயதானால் முட்டி மடக்க முடியாமல் போகும், குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரையே குடியுங்கள் என்று பேசி முடித்தேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா எழுந்தார். "வாத்தியாரே, மூணு வருசமா நீங்க சொல்ற தண்ணியத்தான் பேரனுக்குக் குடுக்கறேன். இப்போ பால் பல்லு விழுந்து புதுப் பல்லு மொளைக்குது. அதுவும் காவியாத்தான் வருது. அப்புறம் அந்தத் தண்ணி எதுக்கு? மருந்து வாடை வேற அடிக்குது. நான் மறுபடி போர் தண்ணிக்கே மாத்திட்டேன்" என்றார்.

மைக் என் கையில் இருந்தது. "இப்படி அறிவியலுக்கு எதிரா பேசறவங்க இருக்கறவரைக்கும் இந்த ஊர்ல முட்டிவலி தீராது" என்று சொன்னேன். முன்வரிசை இளைஞர்கள் கைதட்டினார்கள். ஆயா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடியும்வரை வேறு எந்தப் பெண்ணும் எழுந்து பேசவில்லை.

அடுத்த வாரம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரோடு, ஃபுளோரைடு சோதிக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். சோதனை எளிது. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை அளந்து ஊற்றி மருந்தைச் சில சொட்டு விட வேண்டும். ஃபுளோரைடு குறைவென்றால் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். கூடக்கூட அது வெளுத்து மஞ்சள் பக்கம் போகும். போர் தண்ணீர் மஞ்சளானது, எதிர்பார்த்ததுதான். தெருக்குழாய்த் தண்ணீரும் ஏறக்குறைய அதே மஞ்சள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். மறுபடி செய்தோம், மறுபடியும் மஞ்சள். டேங்க் ஆபரேட்டரைத் தேடிப்போய்க் கேட்டோம். ஆற்றுத் தண்ணீர் வராத நாட்களில் போர் மோட்டாரைப் போட்டு அதே தொட்டியை நிரப்புவது வழக்கம் என்றார். தொட்டி காலியாக இருந்தால் ஊர் சும்மா விடுமா என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஆயா "ஒகேனக்கல் தண்ணீர்" என்று நம்பிக் குடுத்தது பாதி போர் தண்ணீர். இந்த ஒரு நிகழ்ச்சிதான் 'அறிவியல் விரோதி' என்ற சொல்லை நான் எத்தனை அலட்சியமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறேன் என்று உட்கார்ந்து யோசிக்க வைத்தது. பட்டிமன்றத்திலும் தொலைக்காட்சி விவாதத்திலும் டீக்கடையிலும் இந்தச் சொல் தினமும் வீசப்படுகிறது. அது எதைக் குறிக்கிறது, எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதைப் புதிதாக யோசிக்கத் தொடங்குபவர்களுக்காக இந்தக் கட்டுரை.

ஒரு வாய்ச்சொல்லில் நாலு செய்தி

ஆயா பேசியது ஒரே மூச்சில். ஆனால் அதைப் பிரித்தால் நாலு தனித்தனிச் செய்திகள் கிடைக்கின்றன. பேரனின் புதுப் பல் காவியாக முளைக்கிறது என்பது ஒன்று. இது அவர் கண்ணால் கண்டது, உண்மை. குழாய்த் தண்ணீரால் பல்லுக்குப் பயனில்லை என்பது இரண்டாவது. அது அவர் எடுத்த முடிவு. மருந்து வாடை பிடிக்கவில்லை என்பது மூன்றாவது. குளோரின் வாடையைச் சொல்கிறார். விருப்பு வெறுப்பில் சரி தப்பு என்று தீர்ப்புச் சொல்ல யாருமில்லை. போர் தண்ணீருக்கே திரும்பிவிட்டேன் என்பது நாலாவது. அது ஒரு செயல், ஆபத்தான செயல்.

இதில் இரண்டாவது கொஞ்சம் விளக்க வேண்டியது. நிலைப்பற்களின் எனாமல், பல் வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே ஈறுக்குள் உருவாகிவிடுகிறது. முன்பற்களுக்கு அது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். ஏழு வயதில் முளைக்கும் பல் காட்டுவது, பிள்ளை இரண்டு மூன்று வயதில் குடித்த தண்ணீரை. பல் பழைய கணக்கு நோட்டு மாதிரி. ஆகவே குழாயில் சுத்தமான ஆற்றுத் தண்ணீரே வந்திருந்தாலும் அந்தப் பையனுக்குப் பல் காவியாகத்தான் முளைத்திருக்கும். ஆயா கண்டது சரி, அதிலிருந்து எடுத்த முடிவுக்கு அந்தப் பல் சாட்சி சொல்லாது. ஆனாலும் தண்ணீரில் ஏதோ சரியில்லை என்ற அவர் சந்தேகம் வேறு வழியில் மெய்யாகிவிட்டது.

நான் மேடையில் செய்திருக்க வேண்டியது இதைத்தான். எந்தச் செய்தியை ஒப்புக்கொள்கிறேன், எதை மறுக்கிறேன், ஏன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டையின் மேல் ஆயாவின் பெயரை எழுதினேன். ஒருவரை 'அறிவியல் விரோதி' என்று சொல்லும்போது நடப்பது இதுதான். ஒரு கூற்றைப் பற்றிய பேச்சு ஓர் ஆளைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. கூற்று தவறென்றால் காரணம் காட்ட வேண்டும். ஆள் தவறென்றால் காரணம் தேவைப்படுவதில்லை. அதனால்தான் அந்தச் சொல் பேசுகிறவனுக்கு அவ்வளவு வசதியாக இருக்கிறது.

'அறிவியல்' என்ற சொல்லே தெளிவாக இல்லாததும் குழப்பத்துக்குக் காரணம். பேச்சுவழக்கில் மூன்று வேறு பொருள்களை அந்த ஒரு சொல்லில் அடக்குகிறோம். ஃபுளோரைடு கூடினால் எலும்பைப் பாதிக்கும் என்பது போன்ற கண்டறிந்த உண்மைகள் அறிவியல். அந்த உண்மையை எட்டும் வழிமுறை, அதாவது அளப்பது, ஒப்பிடுவது, மறுபடி செய்து பார்ப்பது, தவறென்றால் திருத்துவது, அதுவும் அறிவியல். பிறகு அறிவியலின் பேரில் நம் வாசலுக்கு வருகிறவை இருக்கின்றன: மருந்து, விதை, தொழிற்சாலை, குழாய்த் திட்டம், அதை நடத்தும் துறை, விற்கும் கம்பெனி. மூன்றாவதைச் சந்தேகிப்பவர் முதலாவதை மறுக்கிறார் என்று ஆகாது. தொட்டியில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்பவர் உண்மையில் இரண்டாவதைத்தான் செய்கிறார்.

அதே வாக்கியம், வேறு ஊர்

ஃபுளோரைடையே இன்னும் கொஞ்சம் தொடர்கிறேன். இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை, அதுவும் நம் மண்ணிலேயே கிடக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருப்பது பழைய கடினப் பாறை. அதிலுள்ள சில தாதுக்களில் ஃபுளோரின் உண்டு. மழை குறைவு, நீர்மட்டம் கீழே, போர் ஆழமாக ஆழமாகத் தண்ணீர் பாறையோடு வெகுகாலம் உறவாடிய தண்ணீராக இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய போர்கள் நம் பக்கம் ஏராளம். ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்க்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். சென்னை மாகாணத்தில் அது பரவலாக இருப்பதை ஆய்வாளர்கள் மருத்துவ ஆய்விதழில் எழுதியது 1937இல். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டபோது அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருந்தது. ஆகவே "தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கக் கூடாது" என்று தர்மபுரியில் ஒருவர் சொன்னால் அவரை நாம் விவரம் தெரிந்தவர் என்போம்.

அதே வாக்கியத்தை அமெரிக்காவில் ஒருவர் சொன்னால் அங்கே அவரை அறிவியல் விரோதி என்று அழைக்க வாய்ப்பு அதிகம். அங்கே 1945இல் கிராண்ட் ராபிட்ஸ் என்ற நகரம் குடிநீரில் ஃபுளோரைடைத் தானே சேர்க்கத் தொடங்கியது. காரணம் பல் சொத்தை. கொஞ்சம் ஃபுளோரைடு எனாமலை உறுதிப்படுத்தும், சொத்தையைக் குறைக்கும். நம் பற்பசையில் அது இருப்பதும் அதற்காகவே. அங்கே 2015இல் பரிந்துரைத்த அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். ஆக, ஒரே பொருள், ஒரே வாக்கியம். ஓரிடத்தில் அது அறிவு, இன்னோரிடத்தில் அறியாமை என்று பெயர் வாங்குகிறது. எவ்வளவு, எங்கே, யாருக்கு என்ற மூன்றையும் கேட்காமல் வாக்கியத்தை மட்டும் வைத்து ஆளை எடைபோட முடியாது. அங்கேயும் எதிர்ப்பவர்கள் எல்லாரும் ஒரே ரகமில்லை. கம்யூனிஸ்டுகளின் சதி என்று 1950களில் பேசியவர்கள் உண்டு. என்னைக் கேட்காமல் என் தண்ணீரில் எதையும் கலக்காதே என்று உரிமை பேசியவர்களும் உண்டு. முதலாமவருக்கு ஆதாரத்தால் பதில் சொல்லலாம். இரண்டாமவரின் கேள்விக்கு எந்தச் சோதனைக் குழாயும் பதில் சொல்லாது.

இன்னொரு செய்தி. ஃபுளோரைடுக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்ட கதையே ஊர்மக்களின் காவிப் பல்லில் தொடங்கியது. 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்த ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் பல் மட்டும் காவியாக இருப்பதைப் பார்த்து வியந்தார். ஊர்மக்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள், பன்றி இறைச்சி என்றார்கள், மட்டமான பால் என்றார்கள். பெரும்பாலும் தவறு. ஆனால் ஏதோ இருக்கிறது என்ற அவர்கள் பேச்சு சரி. மெக்கே அதை உதறித் தள்ளாமல் துரத்திக்கொண்டே போனார். தண்ணீரிலிருக்கும் ஃபுளோரைடுதான் காரணம் என்று தெரிந்தது 1931இல். முப்பது வருடம். கிராம சபையில் என் பொறுமை முப்பது விநாடிகூட நிற்கவில்லை.

தங்கவயலில் பிடித்தது, தேனியில் நின்றது

நியூட்ரினோ விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இந்த முத்திரை அதிகம் குத்தப்பட்ட இடங்களில் அது ஒன்று. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஊர்மக்களும் இயக்கங்களும் எதிர்த்தார்கள். எதிர்ப்பவர்கள் அறிவியல் விரோதிகள் என்று ஒரு பக்கம் சொன்னது. மக்களை ஆய்வுக்கூட எலிகளாக்குகிறார்கள் என்று மறுபக்கம் சொன்னது.

நியூட்ரினோ துகள் உடம்பைக் கெடுக்கும், கதிர்வீச்சு பரவும் என்று சிலர் பரப்பியது தவறு. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு விநாடியும் கோடானுகோடியாக நம் உடம்பை ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கின்றன, ஏறக்குறைய எதையும் தொடுவதில்லை. அதனால்தான் அவற்றைப் பிடிப்பது அத்தனை கடினம், மற்ற துகள்களை வடிகட்ட ஒரு கிலோமீட்டர் பாறை தலைக்கு மேல் வேண்டியிருக்கிறது. இது நமக்குத் தூரத்துச் செய்தியும் இல்லை. கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கத்தில்தான் காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை 1965இல் கண்டார்கள். உலகில் அவற்றை முதலில் கண்ட இடங்களில் அது ஒன்று. அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களை வாட்டியது பாறைத் தூசியும் சுரங்கச் சரிவும். நியூட்ரினோவால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆனால் பொட்டிபுரத்தில் கேட்கப்பட்ட மற்ற கேள்விகள்? மேற்குத் தொடர்ச்சி மலையில் சுரங்கம் குடைந்தால் நீரோட்டம் என்னாகும், வெடி வைத்தால் பக்கத்து அணைகளுக்கு என்ன, கேரளப் பக்கம் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இத்தனை அருகில் இருக்கும்போது அனுமதி முறையாகக் கொடுத்தார்களா? பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் அந்த அனுமதியை நிறுத்தி வைத்ததே இந்தக் கடைசிக் கேள்வியால்தான். நீரோட்டமும் பாறை அதிர்வும் அறிவியல் கேள்விகள். காட்டின் விலை என்ன என்பது நாம் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய கேள்வி. 'விரோதி' என்ற ஒரே சொல் தவறான பயத்தையும் நியாயமான கேள்வியையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. விளைவு என்னவென்றால், பயம் அப்படியே இருந்தது. கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் வரவில்லை. கதிர்வீச்சைப் பற்றி அமைதியாக விளக்கியிருக்க வேண்டிய பல அறிஞர்கள், மக்களின் அறியாமையைப் பற்றி வருத்தப்படுவதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது என் வருத்தம்.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

அறிவியல் என்ன நடக்கும் என்று சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்று அது தானாகச் சொல்லாது. இதற்கு நம் மாவட்டத்தைவிட வலிமிகுந்த உதாரணம் கிடையாது.

வயிற்றிலிருக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்று ஸ்கேன் காட்டும். கருவி துல்லியமானது, இயற்பியல் சரியானது. இருந்தும் அதைப் பார்த்துச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, பிறகு தர்மபுரிக்கும் வந்தது ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாலினம் பார்க்கும் ஸ்கேனை எதிர்த்தவர்களை யாரும் அறிவியல் விரோதி என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அவர்கள் மீயொலியை மறுக்கவில்லை, அதை வைத்துச் செய்யும் கொலையை மறுக்கிறார்கள். இந்த வேறுபாடு ஸ்கேன் விஷயத்தில் நமக்குச் சட்டென்று புரிகிறது. வேறு விஷயங்களில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

அப்போது ஆந்திரத்தில் இருந்த, இப்போது தெலங்கானாவில் இருக்கும் கம்மம் மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை 2009இல் பத்து முதல் பதினான்கு வயதுவரை உள்ள பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆய்வுத் திட்டத்தில் போட்டார்கள். பழங்குடிப் பிள்ளைகள் பலர், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்கள் போட்டார்கள். சில பிள்ளைகள் இறந்த செய்தி வந்ததும் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய முறையை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. இந்தத் தடுப்பூசி நல்லது, என் வீட்டுப் பிள்ளைக்கும் போடுவேன். அதே வாயால், என் பிள்ளையின் உடம்புக்கு என்னைக் கேட்காமல் யாரோ கையெழுத்துப் போடுவதைச் சகிக்க மாட்டேன் என்றும் சொல்வேன். இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் சொல்ல முடியும் என்பதே முத்திரை குத்துகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

முத்திரை பொருந்தும் இடம்

அப்படியானால் அறிவியல் விரோதி என்று யாருமே இல்லையா? இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் தாபோ எம்பெக்கி அதிபராக இருந்த காலத்தில், எய்ட்ஸ் நோய்க்கு எச்ஐவி கிருமிதான் காரணம் என்பதையே அரசின் உச்சியில் சந்தேகித்தார்கள். கிருமியை அடக்கும் மருந்துகள் வந்துவிட்டன, உலகெங்கும் பயன் நிரூபணமாகிவிட்டது. அவற்றை விநியோகிக்கத் தயங்கியபடி, சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்தார். அந்தத் தாமதத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். இங்கே மறுக்கப்பட்டது ஒரு கம்பெனியோ ஒரு திட்டமோ இல்லை. பல நாடுகளில், ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத ஆய்வாளர்கள், வேறு வேறு வழியில் தேடி ஒரே விடைக்கு வந்து சேர்ந்த உண்மை. எத்தனை ஆதாரம் காட்டினாலும் அசையாத மனமும், முடிவெடுக்கும் அதிகாரமும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்தச் சேர்க்கைக்கு 'அறிவியல் விரோதம்' என்று பெயர் வைத்தால் நான் மறுக்க மாட்டேன்.

ஒருவர் அந்த இடத்தில் நிற்கிறாரா என்று அறிய நான் இப்போது ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "எதைக் காட்டினால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" ஆயாவிடம் இதைக் கேட்டிருந்தால் "புதுப் பல்லு வெள்ளையா மொளைக்கட்டும், மாத்திக்கறேன்" என்றிருப்பார். அது தெளிவான, சோதிக்கக்கூடிய பதில். "எதைக் காட்டினாலும் மாட்டேன், எல்லாம் சதி" என்பவரிடம் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்வது இன்னும் கஷ்டம்.

பொய்யைத் தயாரிப்பவரையும் அதை நம்பிப் பயந்தவரையும் பிரித்துப் பார்ப்பது இதில் முக்கியம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியைத் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் போட்டபோது வாட்சப்பில் வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. எங்கள் பள்ளியிலும் அன்றைக்குப் பாதி வகுப்பு காலி. பிள்ளையை அனுப்பாத ஒரு தாய் வாசலில் நின்று என்னிடம் கேட்டது, "சார், உங்க பிள்ளைக்குப் போட்டீங்களா?" என்ற ஒரே கேள்வி. போட்டாகிவிட்டது என்றேன். சில விநாடி யோசித்தார். மறுநாள் பையனை அழைத்து வந்தார். அவருக்குத் தேவைப்பட்டது நம்பத் தகுந்த ஓர் ஆள். 'விரோதி' என்ற சொல் என் வாயிலிருந்து வந்திருந்தால் அந்த ஆளாக நான் இருந்திருக்க முடியாது. வதந்தியை எழுதி அனுப்பியவனுக்கு வேறு பெயர் உண்டு, அதைச் சொல்ல நான் தயங்குவதில்லை.

சொல் யார் கையில் இருக்கிறது

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர் கையில் இந்த முத்திரை இருந்தால் அது அறிவியலையே குத்தும். சோவியத் ஒன்றியத்தில், அரசின் ஆதரவு பெற்ற வேளாண் ஆய்வாளர் லைசென்கோவின் கூட்டம் மரபியலை முதலாளித்துவப் போலி அறிவியல் என்றது. உலகெங்கும் அலைந்து விதைகளைச் சேகரித்த மரபியல் அறிஞர் நிகோலாய் வாவிலோவ் 1940இல் கைதாகி 1943இல் சிறையில் இறந்தார். 1948இல் மரபியல் அங்கே ஏறக்குறைய தடையே செய்யப்பட்டது. அறிவியலின் பேரால்தான் அது நடந்தது.

நம் நாட்டில் பி.டி. கத்திரிக்காய் (பூச்சியைத் தாங்கும்படி மரபணு மாற்றியது) விவாதம் அவ்வளவு கொடூரமானதில்லை, ஆனால் முத்திரை அங்கேயும் வேலை செய்தது. 2009இல் நிபுணர் குழு அனுமதித்தது, பொதுக் கருத்துக்கேட்புகளுக்குப் பிறகு 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். எதிர்த்தவர்கள் எல்லாம் அறிவியலுக்கு எதிரிகள் என்று எழுதினார்கள். அந்த எதிர்ப்பாளர்களில் ஒருவர் புஷ்ப எம். பார்கவா. ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தை நிறுவியவர், அறிவியல் மனப்பான்மை குறித்து 1981இல் வெளியான அறிக்கையில் கையெழுத்திட்டவர். பரிசோதனைகள் போதாது என்பது அவர் வாதம். அது சரியா தவறா என்று வாதாடலாம், மறுத்த அறிஞர்களும் உண்டு. ஆனால் அவரை அறிவியல் விரோதி என்றால் அந்தச் சொல்லுக்கு அப்புறம் என்ன பொருள் மிஞ்சும்?

அரசியலமைப்பில் 1976இல் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளில், அறிவியல் மனப்பான்மையை வளர்க்க வேண்டும் என்ற வரியிலேயே மனிதநேயத்தையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். மேடைகளில் முதல் இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறோம். நானும் அப்படித்தான் பல வருடம் பேசினேன்.

அந்த ஆயாவிடம் திரும்பிப் போனேன். சோதனைக் குழாய்களை வாசல் திண்ணையில் வரிசையாக வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்களும் பார்க்கப் பிள்ளைகளே செய்து காட்டினார்கள். கூட்டத்தில் அப்படிப் பேசியது தப்பு என்று சொன்னேன். பேரன் பல் எந்த வயதுத் தண்ணீரின் கணக்கு என்பதையும், தொட்டியில் என்ன நடக்கிறது என்பதையும் சொன்னேன். தொட்டிக்குள் ஏறும் முன்னே, ஆற்றுத் தண்ணீர் வருகிற குழாயின் வால்வருகில் பிடித்து வந்த தண்ணீரைக் கடைசியாகச் சோதித்தோம். இளஞ்சிவப்பு அப்படியே நின்றது.

ஆயா அந்தக் கண்ணாடிக் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்குள் அவருடைய மகளின் சின்னப் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது, ஒரு வயதுகூட ஆகவில்லை.

"அப்போ இவளுக்கு இந்தத் தண்ணிதான் வேணும். இது தெனமும் எத்தனை மணிக்கு அந்த வால்வுல வரும்னு எழுதிக் குடு வாத்தியாரே" என்றார். ஆபரேட்டரிடம் கேட்டு, பிள்ளைகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தோம்.